மலைப்பாதையில் சிறிய உழவு இயந்திரம்: ஏற்றுவதிலும் கவனம், இறக்குவதிலும் கவனம்

வீடு ஓரிடம், காணி ஓரிடம். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்தின் வாழ்க்கையை இப்படிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூனாகலைப் பகுதியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுக்கு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கிடைத்தது 2016இல்தான். 2023 மார்ச் 19ஆம் திகதி இரவு பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் ஒரே இரவில் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறின.

வீடு கட்டிக் கொடுப்பதைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அந்த வீட்டில் குடியேறிய பிறகு எங்கே பயிர் செய்வது, எப்படிச் செய்வது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பழைய மரக்கறித் தோட்டம் பல மைல் தூரத்தில் கிடக்கிறது. குத்தகைக்கு எடுத்த பள்ளக்காணி இன்னொரு திசையில் இருக்கிறது. முன்பெல்லாம் லயத்துக்குப் பின்னால் இருந்த பாத்தியை வேலை முடிந்து வந்து மாலையில் கொத்திக்கொள்ளலாம். இன்று பஸ்ஸில் போய்க் கொத்திவிட்டு இருட்டுமுன் திரும்ப வேண்டும். அதனால்தான் பல இடங்களில் "நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு சின்ன மெசின் வாங்கினால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது.

நல்ல கேள்விதான். ஆனால் அந்த இயந்திரமும் வீட்டுக்கும் காணிக்கும் இடையே பயணம் செய்ய வேண்டும். வயலில் அது செய்யும் வேலையைப் பற்றி விற்பனையாளர் நிறையச் சொல்வார். வீதியில் அது எப்படிப் போக வேண்டும் என்பதைச் சொல்பவர் அரிது. மலைநாட்டில் ஆபத்து பெரும்பாலும் வயலில் இல்லை, வீதியில்தான் இருக்கிறது. ஆகவே இக்கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது.

எந்த இயந்திரம், எந்த நிலத்துக்கு?

நம்மவர்களிடம் இரண்டு வகை இயந்திரங்கள் பழக்கம். ஒன்று, கைப்பிடியைப் பிடித்து நடந்தோ பெட்டியில் அமர்ந்தோ ஓட்டும் இரண்டு சக்கர உழவு இயந்திரம். முற்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கம்பனியின் பெயரால் இதை இன்றும் 'லேண்ட்மாஸ்டர்' என்றே அழைக்கிறோம், அது குபோட்டாவாக இருந்தாலும் சரி, சீன இயந்திரமாக இருந்தாலும் சரி. மற்றது, இருபது குதிரைவலு அளவிலான சிறிய நான்கு சக்கர உழவு இயந்திரம். பெரிய மசி பேர்குசன் போக முடியாத இடத்துக்கும் இது போகும்.

எதை வாங்கினாலும் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செங்குத்தான சரிவுக் காணிக்கு இரண்டும் உரியவை அல்ல. அங்கே கல்லணையும் சமவரம்பும் மண்வெட்டியும்தான் பாதுகாப்பு. சரிவை மேலிருந்து கீழாக உழுதால் அடுத்த மழையில் மேல்மண் ஓடிவிடும். மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்ட இடத்தில் நிலத்தைக் கிளறுவது அயலாரின் உயிரோடு விளையாடுவதாகும். இயந்திரம் சமமான காணிக்கும் பள்ளக்காணிக்கும் வயலுக்குமே உதவும்.

ஓட்டிச் செல்வதா, ஏற்றிச் செல்வதா?

இரண்டு மூன்று கிலோமீற்றர் என்றால் ஓட்டிச் செல்வதே மேல். அதற்கு மேற்பட்ட தூரமாயின் கணக்கு மாறுகிறது. உழவுக்கென்று செய்யப்பட்ட டயர் தார் வீதியில் விரைவில் தேயும். மெதுவாகப் போகும் இயந்திரத்தை வளைவில் முந்த முயலும் பஸ்ஸால் இருவருக்கும் ஆபத்து. பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் வீதியை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பகுதியில் நிலம் எவ்வளவு விரைவாகத் தாழ்கிறது என்பதற்குப் பூனாகலை ஓயாவே சாட்சி. அதே ஓயாதான் சற்றுத் தள்ளி 220 மீற்றர் உயரத் தியலும நீர்வீழ்ச்சியாக விழுகிறது.

லொறியில் ஏற்றலாம். ஆனால் லொறியின் தளம் உயரமானது. ஏற்றுப் பலகை செங்குத்தாகிவிடும், அல்லது லொறியைப் பின்னால் எடுத்துச் சேர்க்க ஒரு மண்மேடு தேட வேண்டும். இரண்டு சக்கர இயந்திரத்தை நாலு பேர் சேர்ந்து 'டிமோ பட்டா' போன்ற சிறிய லொறியில் ஏற்றிவிடுவார்கள். நான்கு சக்கர இயந்திரத்துக்குத் தாழ்வான தளமுள்ள சிறிய இழுவைப் பெட்டியே வசதி. ஒரு கெப் வண்டியின் பின்னால் அதைக் கொளுவி இழுத்துச் செல்லலாம். வசதி இருக்கும் இடத்தில்தான் கவலையீனமும் வருகிறது.

முதலில் நிறை

இழுவைப் பெட்டி வாங்குமுன் ஒரு காகிதத்தில் மூன்று எண்களை எழுதுங்கள். உதாரணமாக, உழவு இயந்திரம் 650 கிலோ, சுழற்கலப்பை 200 கிலோ, வெறும் பெட்டி 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1200 கிலோ. உங்கள் இயந்திரத்தின் சரியான நிறை அதன் கைநூலில் இருக்கும். கலப்பையையும் பெட்டியையும் மறந்துவிட்டு இயந்திரத்தின் நிறையை மட்டும் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

இந்த 1200 கிலோவைப் பெட்டியின் அச்சும் டயரும் தாங்குமா? இழுக்கும் வண்டிக்கு இவ்வளவு இழுக்க அனுமதி உண்டா? இழுக்கும் வண்டியைவிட பெட்டி பாரமாக இருக்கக்கூடாது என்பது மலைநாட்டில் கைக்கொள்ளவேண்டிய குறைந்தபட்ச விதி. ஐரோப்பிய நாடுகளில் மொத்த நிறை 750 கிலோவைத் தாண்டும் பெட்டிக்குத் தனிப் பிரேக் கட்டாயம். அந்நாடுகளின் சமதரை வீதிகளுக்கே அது தேவை என்றால், நம்முடைய இறக்கங்களுக்கு எவ்வளவு தேவை! பட்டறையில் மலிவாக ஒட்டித்தரும் பெட்டியில் பெரும்பாலும் பிரேக் இருப்பதில்லை. பணம் கொடுக்குமுன் கேட்டுப் பொருத்துங்கள்.

அடுத்தது, பாரம் எங்கே இருக்கிறது என்பது. மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பெட்டியின் முன்தண்டு வழியாக இழுக்கும் வண்டியின் கொளுக்கியில் இறங்க வேண்டும். நமது உதாரணத்தில் அது 120 முதல் 180 கிலோ. பாரம் பின்னால் போனால் பெட்டி நாய் வாலை ஆட்டுவதுபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒருமுறை வலுத்தால் சாரதியால் அடக்க முடியாது. பாரம் அளவுக்கு மிஞ்சி முன்னால் வந்தாலோ இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். மரக்கறி சேர்க்கும் இடத்தில் மூட்டை நிறுக்கும் மேடைத்தராசு போதும். சமதரையில் இயந்திரத்தை ஏற்றிக் கட்டியபின் சக்கரங்களுக்கு ஆப்புக்கட்டை வைத்து, பெட்டியைக் கழற்றி, முன்தண்டைத் தராசில் இறக்கிப் பாருங்கள். சரியான நிறை வரும் இடம் தெரிந்ததும், இயந்திரத்தின் சக்கரம் நிற்கவேண்டிய இடத்தைப் பெட்டியின் தளத்தில் பெயின்றால் கோடிட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் நிறுக்கத் தேவையில்லை.

ஏற்றும் முறை

ஏற்றுவதற்குச் சமமான, உறுதியான நிலம் தேடுங்கள். வீதியோரச் சரிவில் ஏற்றாதீர்கள். பெட்டி இழுக்கும் வண்டியோடு கொளுவியே இருக்க வேண்டும். கை பிரேக் போட்டு, நான்கு பக்கமும் ஆப்புக்கட்டை வைக்க வேண்டும். இயந்திரம் பலகையில் ஏறும் கணத்தில் முழுப் பாரமும் பெட்டியின் பின்நுனியில் இருக்கும். அப்போது முன்தண்டு மேலெழும்பி வண்டியின் பின்பக்கத்தையே தூக்கப் பார்க்கும். இதைத் தடுக்கப் பெட்டியின் பின்னால் இரண்டு முட்டுக்கால்கள் வேண்டும்.

உழவு இயந்திரத்தின் பாரம் பின்சக்கரப் பக்கம் அதிகம். செங்குத்தான பலகையில் முன்னோக்கி ஏற்றினால் முன்பக்கம் கிளம்பி, ஓட்டுபவர் மேலேயே கவிழலாம். ஆகவே பலகை நீளமானதாகவும் சரிவு குறைந்ததாகவும் இருக்க வேண்டும். வேறு வழியின்றிச் சரிவு கூடினால் பின்னோக்கி ஏற்றி, முன்னோக்கி இறக்குவதே பாதுகாப்பு. அப்படிப் பின்னோக்கி ஏற்றும்போது பாரமான பக்கம் பெட்டியின் முன்னால் வந்துவிடும். அதற்கேற்பத் தளத்தில் வேறொரு கோடு தேவைப்படும்.

மிகக் குறைந்த கியரில், ஒரே சீராக ஏற்றுங்கள். நடுவழியில் கிளச்சை மிதிக்க வேண்டாம். ஓட்டுபவரைத் தவிர வேறு எவரும் பலகைக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிற்கக்கூடாது. "நான் தள்ளிப் பிடிக்கிறேன்" என்று பின்னால் நிற்பவர் உதவி செய்பவர் அல்லர். 650 கிலோவை எந்த மனிதனும் பிடித்து நிறுத்த முடியாது. ஈரச் சேறு படிந்த சக்கரத்தைக் கழுவாமல் இரும்புப் பலகையில் ஏற்றாதீர்கள்.

கட்டும் முறை

கியரில் விட்டு, கை பிரேக் போட்டு, கலப்பையைத் தளத்தில் இறக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. நான்கு மூலைகளுக்கும் நான்கு தனித்தனிச் சங்கிலிகள் வேண்டும். முன்சங்கிலிகள் முன்நோக்கியும் பின்சங்கிலிகள் பின்நோக்கியும் இழுக்க வேண்டும். சங்கிலியை இயந்திரத்தின் அச்சிலோ சட்டத்திலோ மாட்டுங்கள். ஸ்டியரிங் தண்டிலோ படியிலோ மாட்டாதீர்கள். இறுக்குவதற்கு அதற்கென உள்ள இறுக்கியைப் பயன்படுத்துங்கள். தும்புக் கயிறும் நைலோன் கயிறும் மரக்கறி மூட்டைக்குச் சரி, இதற்கு ஆகாது. கலப்பையைத் தனியாக இன்னொரு சங்கிலியால் கட்ட வேண்டும்.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் மொழி. கொளுக்கியின் பூட்டூசி அந்த அச்சாணிதான். அது விழுந்துவிட்டாலும் பெட்டி தனியே ஓடாதபடி இரண்டு காவற்சங்கிலிகளை முன்தண்டுக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். புறப்பட்டு ஐந்து கிலோமீற்றர் போனதும் நிறுத்தி எல்லாச் சங்கிலிகளையும் மீண்டும் பாருங்கள். குலுக்கத்தில் முதலில் தளர்வது அந்தத் தூரத்திற்குள்தான்.

இறக்கம்

ஏற்றத்தில் வண்டி திணறினால் நின்றுவிடும். இறக்கத்தில் தவறினால் நிற்காது. பத்து அடி போனால் ஓரடி இறங்கும் சரிவில், 1200 கிலோ பெட்டி தன் நிறையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 120 கிலோ விசையுடன், வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். வளைவில் சாரதி திடீரென்று பிரேக் பிடித்தால் அந்த விசை நேராகத் தள்ளாது, பக்கவாட்டில் தள்ளும். பெட்டி மடிந்து வண்டியையே பள்ளத்துப் பக்கம் திருப்பிவிடும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். வண்டியும் பெட்டியும் சேர்ந்து 3000 கிலோ என்போம். 300 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறக்குறைய 25 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கியரை நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அவ்வளவு சூடும் பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் கருகி வழுக்கும். பழைய பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி கீழே போகும், வண்டி நிற்காது. எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பல உயிர்கள் போயின. அந்தத் துயரத்தை ஊவா மக்கள் மறக்கவில்லை. மலைவீதியின் இறக்கம் பெரிய வண்டி, சிறிய வண்டி என்று பார்ப்பதில்லை.

ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே, மேட்டிலேயே, குறைந்த கியருக்கு மாறுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய லொறிச் சாரதிகளின் பாடம். பிரேக்கை இடைவிடாமல் அழுத்திப் பிடிக்காமல், அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்குங்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகும். பெட்டி ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிடித்து, எண்ணெயை விட்டு வேகத்தைத் தானாகக் குறையவிடுங்கள்.

லேண்ட்மாஸ்டர் ஓட்டுபவர்களுக்கு

இரண்டு சக்கர இயந்திரத்தில் பெட்டி பூட்டி மூட்டை ஏற்றுபவர்கள் கட்டாயம் அறியவேண்டிய ஒன்று உண்டு. சமதரையில் இடது பக்கப் பிடியை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு இயந்திர வலு போகாது. வலது சக்கரம் முன்னே போக, வண்டி இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழாகிறது. அங்கே பாரமான பெட்டி பின்னாலிருந்து தள்ளுகிறது, இயந்திரமோ சக்கரங்களைப் பிடித்துவைத்திருக்கிறது. இடது பிடியை அழுத்தினால் இடது சக்கரம் விடுபட்டு வேகமாக உருளும். வண்டி வலது பக்கம் திரும்பும்!

பள்ளத்தை விட்டு விலக நினைத்து அழுத்தியவர் பள்ளத்துக்குள்ளேயே போவது இதனால்தான். அனுபவம் இல்லாத இளைஞனிடம் சாவியைக் கொடுக்குமுன் இதைச் சொல்லுங்கள். வெறும் பெட்டியுடன் சிறிய சரிவில் காட்டியும் கொடுங்கள். செங்குத்தான இறக்கத்தில் பக்கப் பிடிகளைத் தொடாமல், குறைந்த கியரில், கைப்பிடியை உடல் பலத்தால் திருப்பி மெதுவாக இறங்க வேண்டும். நடுவில் கியர் மாற்றக்கூடாது.

மழைக்காலமும் உழவுக்காலமும்

நம் பகுதியில் இயந்திரம் வேண்டிய காலமும் மண் சரியும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஒக்டோபர் மழையோடு பெரும்போக வேலை தொடங்குகிறது. மீரியபெத்தை சரிந்ததும் ஒக்டோபரில்தான். "இன்று போகாவிட்டால் உழவு தவறிவிடும்" என்ற அவசரமே மனிதரை ஈர வீதியில் பாரத்தோடு இறக்குகிறது. இதற்கு ஒரே வழி முன்னேற்பாடு. மழை பிடிக்குமுன் செப்டம்பரிலேயே இயந்திரத்தைக் காணிப் பக்கம் கொண்டுசேர்த்து, நம்பிக்கையான ஒருவர் வளவில் கூரை போட்டு நிறுத்துங்கள். போகம் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் இழுவைப் பெட்டி வீதிக்கு வரவே கூடாது.

சட்டமும் சங்கமும்

இரண்டு சக்கர இயந்திரத்துக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 'ஜி1' வகையும், நான்கு சக்கர உழவு இயந்திரத்துக்கு 'ஜி' வகையும் இருக்க வேண்டும். கெப் ஓட்டும் அனுமதி உள்ளவர் எல்லாரும் பாரமான பெட்டியை இழுக்க அனுமதி உள்ளவர் அல்லர். மோட்டார் வாகனத் திணைக்களத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பெட்டியையும் பதிவுசெய்து காப்புறுதி எடுங்கள். பின்விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லாத பெட்டியை மாலைப் பனிமூட்டத்தில் பின்னால் வருபவர் காணமாட்டார்.

பெட்டியில் ஆட்களை ஏற்றும் பழக்கம் தோட்டங்களில் மிகப் பழையது. கொழுந்து ஏற்றும் பெட்டியிலேயே தொழிலாளரையும் ஏற்றி அனுப்பிய காலத்தின் எச்சம் அது. நம்முடைய சொந்த இயந்திரத்தில் நாமே அதைத் தொடரலாமா? இயந்திரம் ஏற்றிய பெட்டியில் ஒருவரும் ஏறக்கூடாது. பிள்ளைகள் ஏறவே கூடாது. இதைச் சங்கத்தின் முதலாவது விதியாக எழுதுங்கள்.

மற்ற விதிகளும் எழுத்தில் இருக்கட்டும். யார் ஓட்டுவது, அவருக்கு நாட்கூலி எவ்வளவு, எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள், டயருக்கும் பிரேக்குக்கும் மாதந்தோறும் எவ்வளவு ஒதுக்குவது என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். டீசலுக்குப் பணம் சேர்க்கும் சங்கங்கள் பிரேக்குக்குச் சேர்ப்பதில்லை. பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை சாரதிக்கு இருக்க வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவருடைய கூலியைக் குறைக்கக்கூடாது.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பு மனிதனுக்காகவே அன்றி மனிதன் உழைப்புக்காக அல்ல என்ற கருத்தை வலியுறுத்தினார். தோட்டத்து மக்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். அவர்களுடைய முன்னோர் இயந்திரங்களுக்கும் கணக்குப் புத்தகங்களுக்கும் பின்னால் எண்ணப்பட்டவர்கள். இன்று தாங்களே ஓர் இயந்திரத்துக்கு உரிமையாளர் ஆகும்போது, அந்தப் பழைய வரிசையை மாற்றிவைக்கும் வாய்ப்பு அவர்கள் கையில் இருக்கிறது.

மலையிடம் ஏற்கெனவே இழந்தவை போதும். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் விலைப்பட்டியலை விரிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மொத்த நிறை எவ்வளவு? பெட்டிக்கு பிரேக் உண்டா? இறக்கத்தில் ஓட்டப்போவது யார்? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் பணத்தைச் சேர்க்கத் தொடங்கலாம்.